கோழிகள் தலை தூக்கவில்லை

என் மேஜையில், திருத்தி வைத்த விடைத்தாள்களின் மேல் ஒரு சிறிய உலோகத் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் நுனி அளவுதான். ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வழுவழுவென்று உருண்டை. பார்க்கிற யாரும் அதை ஏதோ கதவுக் குமிழ் என்று நினைத்துத்தான் எடுப்பார்கள், எடுத்ததும் அதன் கனத்தில் ஒரு நொடி முகம் மாறும். போர்வெல் ரிக்கின் துளைக்கும் முனையில் பல் போல வரிசையாகப் பதித்திருக்கும் பொத்தான் இது. பாறையைக் கடித்துக் கடித்து இறங்குவது இதுதான். ரிக்காரர்கள் பட்டன் என்பார்கள். நான் அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். எனக்கும் பாறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இது சில ஆண்டுகள் என் மோட்டார் சைக்கிளின் வயிற்றுக்குள் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு ஒருமுறை நான் எருமப்பட்டிப் பக்கம் மாமியாரின் கோழிப்பண்ணை வீட்டுக்குப் போகும்போது, மெயின் ரோட்டுப் பாலத்தில் வண்டியை அணைத்துவிட்டு, பண்ணை வரைக்கும் அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டுதான் போவேன். குனிந்து படுத்து ஓட்டுகிற கனமான பந்தய ரக வண்டி அது. பாலத்து டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள், "வாத்தியாரே, பெட்ரோல் தீந்துருச்சுங்களா, இல்ல மாமியாளுக்குப் பயமுங்களா?" என்பார்கள். இரண்டும் இல்லை. அதற்குக் காரணம் என் சகலை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், ரிக் லாரியில் டிரில்லர், அதாவது லீவரைப் பிடித்து இயந்திரத்தைப் பூமிக்குள் இறக்குகிறவர். வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே ஏதாவது ஒரு மாநிலத்தில் இருப்பார். மழைக்காலம் வந்தால் லாரி ஊர் திரும்பும், அவரும் திரும்புவார். எனக்குக் கல்யாணமான புதிதில் ஆடி விருந்துக்கு எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து இலை போட்டார்கள். நான் நாலு வார்த்தை பேசிப் பார்த்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டார், எழுந்து போய்க் கை கழுவினார், கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து இந்தப் பட்டனை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்ட ஆரம்பித்தார். அவர் முதன்முதலில் லீவர் பிடித்த போர்வெல்லில் முனையிலிருந்து கழன்று, காற்றோடு மேலே வந்து விழுந்த பட்டனாம். அதிலிருந்து சட்டை மாறினாலும் பட்டன் மாறாது என்று என் மனைவி சொன்னாள். பெரிய மாப்பிள்ளை என்ற தலைக்கனம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஒவ்வொரு முறையும் பண்ணைக்குள் நுழையும்போது ஹெல்மெட்டோடு, "நல்லாருக்கீங்களா சகல?" என்று கேட்பேன். ஒரு நாளும் பதில் வந்ததில்லை. போனில் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டார். ஆறு வருடம் நான் இந்த மனிதரை மனதுக்குள் வைதுகொண்டே இருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் ஒலி என்ற பாடத்தை வருடம் தவறாமல் நடத்துகிறவன் நான் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஸ்கூட்டரை விட்டு நான் இந்த வண்டிக்கு மாறிய கதை சின்னது. நாற்பது வயதில் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது. சேலத்தில் ஒரு கல்லூரிப் பையன் விற்ற பழைய வண்டியை வாங்கினேன். அவன் அதன் சைலன்சரை மாற்றியிருந்தான், பழையது எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. வேகத்தைக் குறைக்க ஆக்ஸிலேட்டரை விட்டால் மட்டும் பின்னால் பட், படபட என்று வெடிக்கும். சீனிவெடிச் சரத்தைக் கொளுத்திப் போட்டது போல இருக்கும். "வயசுக்கேத்த வண்டியா இது?" என்றாள் மனைவி. எனக்கு உள்ளூர அந்தச் சத்தம் பிடித்துத்தான் இருந்தது. ஏற்காடு சாலையில் போனால் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். வாத்தியாரை வேறு எதற்கு யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

மாமியார் பண்ணையில் முட்டைக்கோழிகள் கூண்டுகளில் இருக்கும் பெரிய ஷெட் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது. அதற்குப் பின்னால் தள்ளிக் குஞ்சு ஷெட். குஞ்சுகளைத் தரையில் தேங்காய் நார் பரப்பி விட்டிருப்பார்கள். குஞ்சு பயந்தால் ஓடாது, கத்தாது. மூலையைத் தேடிப் போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மேலே ஏறியது பிழைக்கும், அடியில் போனதற்கு மூச்சு முட்டிவிடும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வண்டி வாங்கிய புதிதில் ஒரு மாலை, வீட்டில் கார் ஒன்று நின்றதால் வாசலில் இடமில்லை, நான் வண்டியைப் பின்பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய் குஞ்சு ஷெட்டின் வலைக்குப் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தேன். வண்டி வெடித்தது. உள்ளே மழை பெய்தது போல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. அத்தை ஓடி வந்து மூலையில் குவிந்து கிடந்ததை இரண்டு கைகளாலும் வாரி வாரிப் பிரித்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். கடைசியில் ஒரு தீவனச் சாக்கு நிறையச் செத்த குஞ்சுகள்.

மாமனார் போன பிறகு அத்தை தனியாளாக நடத்துகிற பண்ணை அது. அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கு முதலில் தட்டு வைத்தார். கிளம்பும்போதுதான், "மாப்ள, கார்த்திகையில அடுத்த குஞ்சு எறங்குது. அதுக்கப்புறம் வண்டியில்லாம வாங்க சாமி. பஸ்ஸுல வந்தா ரோட்டுக்கு நானே வந்து கூட்டிக்கறேன்" என்றார். திட்டியிருந்தால் நான் இரண்டு நாளில் மறந்திருப்பேன். அந்தச் சாமி என்ற சொல்தான் போகும் வழியெல்லாம் கூடவே வந்தது. சேலத்தில் மெக்கானிக்கிடம் காட்டினேன். எஞ்சினில் எரியாமல் மிஞ்சுகிற பெட்ரோல் புகையோடு வெளியே போய்க் காற்றைக் கெடுக்காமல் இருக்க, ஒரு ரப்பர் குழாய் வழியாக நல்ல காற்றைச் சூடான புகைப்பாதைக்குள் விட்டு அங்கேயே எரிய வைக்கிறார்களாம். ஆக்ஸிலேட்டரை விடும்போது மிச்சம் அதிகமாகி, அந்தக் காற்றும் சேர்ந்து, குபீரென்று பிடித்து வெடிக்கிறது. "அந்த ஏர் செட்டையே கழட்டி எறிஞ்சிரலாம் சார், ஆனா வாயை மூடற தகடு வெளியூர்ல இருந்து வரணும்" என்றார். தகடு வரவில்லை. ஐப்பசி பாதி போய்விட்டது.

அந்த மழைக்கு சகலை ஊருக்கு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியைப் பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வியர்வையோடு வந்து சேர்ந்ததைத் தீவனக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வந்தார். வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை கதை முழுவதையும் அவருக்கு எதிரில் நின்று சொல்லியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். சைலன்சரின் வாய்க்கு ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆக்ஸிலேட்டரை ஏற்று, விடு என்று சைகை செய்தார். ஐந்தாறு முறை. பிறகு எஞ்சின் மேல், டேங்கின் மேல், சட்டத்தின் மேல் என்று கையை ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். மருத்துவர் கைவைத்துப் பார்ப்பதைத்தான் அதற்கு முன் அப்படிப் பார்த்திருக்கிறேன். இரண்டு போல்ட்டைக் கழற்றி டேங்கைத் தூக்கி முட்டுக் கொடுத்ததும், ஏர் பில்டர் டப்பாவிலிருந்து எஞ்சினுக்குப் போகிற அந்தக் குழாயின் மேல் போய்க் கை நின்றது. மெக்கானிக் எனக்குப் படம் போட்டு விளக்கிய குழாய்.

குழாயை ஒரு முனையில் உருவிவிட்டு, அவர் வண்டியின் அடியில் எதையோ தேடினார். பக்கவாட்டில் பார்த்தார். சீட்டைக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "இதுக்குக் கம்ப்ரசர் எங்கிருக்குதுங்க சகல?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன். இருபத்தைந்து வருடம் காற்றோடு வாழ்ந்தவர். லாரி அளவு பெரிய கம்ப்ரசர் முழங்கி முழங்கிக் காற்றைத் தள்ளும், அந்தக் காற்று ஆயிரம் அடிக்குக் கீழே போய்ப் பாறையை உடைக்கும், உடைத்த தூளை மேலே கொண்டுவரும். காற்று வருகிறது என்றால் எங்கோ ஒன்று தள்ளியாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ரிக்காரரைத் தவிர வேறு யாரும் ஒரு மோட்டார் சைக்கிளுக்குள் கம்ப்ரசரைத் தேடியிருக்க மாட்டார்கள். கம்ப்ரசர் கிடையாது, புகை வேகமாக வெளியேறும்போது பின்னால் ஒரு கணம் வெறுமை உண்டாகிறது, அந்த வெறுமைதான் காற்றை இழுக்கிறது என்று நான் வாத்தியார் குரலில் விளக்கினேன். அவர் நம்பவில்லை. உருவிய குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டார். அப்படியே நின்றுவிட்டார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "இழுக்குதுங்க" என்றார். "கன்னுக்குட்டி வெரலச் சப்பற மாதர இழுக்குது." நான் எத்தனையோ பிள்ளைகளுக்கு வெற்றிடத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது ஒருவருக்குப் புரிகிற கணத்தை இப்படி முகத்தில் கண்டதில்லை. என் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். உண்மையாகவே கன்றுக்குட்டிதான்.

முதலில் அந்தக் குழாயின் நடுவே இருந்த வால்வை மொத்தமாகவே கழற்றி வெளியே எடுத்தார். உடனே மீட்டரில், எஞ்சினில் கோளாறு என்று காட்டுகிற மஞ்சள் விளக்கு எரிந்து அணைய மாட்டேன் என்றது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டதோ என்று எனக்குப் பதறியது. அவர் சிரித்துவிட்டு வால்வின் ஒயரைத் திரும்ப மாட்டி, அதை இருந்த இடத்திலேயே உட்கார வைத்தார். விளக்கு அணைந்தது. பிறகு குழாயின் வாயைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து பட்டனை எடுத்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அளவு பார்த்தார். செய்து வைத்தது போலப் பொருந்தியது. உருண்டைப் பக்கம் உள்ளே போகும்படி அழுத்தி, மேலே ஒரு கிளிப்பை இறுக்கினார். "வேண்டாமுங்க, வேற ஏதாச்சும் வெச்சுக்கலாம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் வாழ்நாளில் கையை விட்டுப் பிரியாத பொருள் அது. ஒரு சுவாசத்தை அடைக்க அதைக் கொடுத்துவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

பட்டனை இறுக்குவதற்கு முன்பே ஒன்று செய்திருந்தார், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். டேங்கைத் தூக்குவதற்கு முன்னால் என்னைப் பாலம் வரை ஓட்டிப்போய், பண்ணைக்குச் சற்றுத் தள்ளி இருக்கிற புளியமரத்தடியில் ஆக்ஸிலேட்டரை விட்டு வரச் சொல்லிச் சைகை காட்டினார். குஞ்சு ஷெட் அப்போது காலி. பெரிய கோழிகளுக்கு ஒன்றும் ஆகாது என்று கையை ஆட்டினார். வேலை முடிந்த பிறகும் அதே போல ஓட்டச் சொன்னார். ஒரு மாற்றத்தைச் செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே அளவீட்டை எடுக்க வேண்டும் என்று நான் பிள்ளைகளிடம் தொண்டை வற்றக் கத்துவேன். இவர் கேட்காமலேயே செய்தார். ஆனால் நான் இரண்டாவது முறை ஓட்டி வந்தபோது, அவர் சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒருவன் வேலை மெனக்கெட்டு ஓட்டிக் காட்டுகிறான், திரும்பிப் பார்க்கக்கூட மனசில்லையா? வண்டியை அணைத்துவிட்டு அவருக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் நின்று, "சத்தம் வந்துதுங்களா சகல?" என்றேன். திரும்பவில்லை. "சகல" என்றேன் உரக்க. இல்லை. கோபத்தில் ஹாரனை அழுத்தினேன். பெரிய ஷெட்டில் வரிசை வரிசையாகத் தீவனத்தில் குனிந்திருந்த கோழிகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. கோழிகள் தலை தூக்கியதும் அவர் திரும்பினார்.

அந்த வரிசை எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஹாரன், கோழிகள், பிறகு அவர். என் கை ஹாரனிலேயே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார். முதல் முறை வண்டி வெடித்தபோது கோழிகள் தலையைத் தூக்கியதை எண்ணி வைத்துக்கொண்டு, இரண்டாம் முறை தூக்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சாலையைப் பார்த்து என்ன பயன்? அவருடைய காது அந்தப் பக்கம் இருந்தது, ஆயிரக்கணக்கான தலைகளோடு. எனக்குக் கூசிப் போயிற்று. ஆறு வருடமாக ஹெல்மெட்டுக்குள்ளிருந்து நலம் விசாரித்திருக்கிறேன். என் வாய் தெரியாத நேரத்தில் நான் பேசியது எதுவுமே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர், "தலையத் தூக்கலீங்க. நின்னுருச்சு" என்றார், வண்டியைப் பற்றி.

அதற்குப் பிறகுதான் பேசினோம். எதிரெதிரே வாளிகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு. கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்ற காது. ஒன்று முழுக்கப் போய்விட்டது, மற்றதில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும், அதுவும் சில நாள்தான். அவர் மனைவிக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கு ஒரு குறை என்று பிறந்த வீட்டில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அப்படியானால் லீவரில் எப்படி என்று கேட்டேன். பாறை மாறுவதையும் தண்ணீர் தட்டுவதையும் டிரில்லர்கள் சத்தத்தை வைத்துத்தான் சொல்வார்கள் என்பது எனக்கே தெரியும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைக் காட்டினார். "காலுல கேக்குமுங்க. மண்ணு போயி பாறைக்கு எறங்குனா குதிகால்ல அதிரும். தண்ணி வாரதுக்கு முன்னால முன்னங்கால்ல பூனை நடக்கற மாதர இருக்கும்." ரிக் மேடையில் அவர் வெறுங்காலோடுதான் நிற்பாராம். அந்தப் பாதங்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெடித்து, தடித்து, சாதாரணமான பாதங்கள்தான். அவை ஆயிரம் அடி ஆழத்தைக் கேட்கும் என்றால் நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

"ஆருகிட்டயும் சொல்லீராதீங்க சகல. லீவரத் தவிர எனக்கு வேறொண்ணும் தெரியாது" என்றார். சரி என்று தலையாட்டியிருக்கலாம். ஆனால் பயம் என்னை விடவில்லை. "தொளைக்கற ராடு மாத்தறப்ப ஒருத்தன் கை உள்ள மாட்டிக்கிட்டு, நிறுத்துங்கன்னு கத்தினா?" என்று கேட்டேன். காலில் அது கேட்குமா என்று கேட்கவில்லை, கேட்க வேண்டியிருக்கவும் இல்லை. அவர் கை சட்டைப் பைக்குப் போனது, அங்கே பட்டன் இல்லை, வெறும் விரல்களை உருட்டினார். நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த வாரங்களில் வகுப்பில் கரும்பலகையில் அலை வரையும்போதெல்லாம் ரிக்கில் ராடு தூக்க வருகிற யாரோ ஒரு பீகார்ப் பையனின் கை எனக்கு நினைவுக்கு வரும். சொன்னால் இவர் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் ஒருவன் கை போகலாம். கார்த்திகையில் குஞ்சு இறங்கியது. சத்தமில்லாத வண்டியில் போய் இறங்கினேன். அத்தை, "மாப்ள வண்டிக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்குது" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொங்கல் முடிந்து லாரி புறப்படுவதற்கு முதல் நாள், சகலையின் மனைவி போன் செய்து, அவர் என்னைத் திருச்செங்கோட்டுக்கு லாரி நிற்கிற இடத்துக்கு வரச் சொல்கிறார் என்றார். போனேன். புதுப் பெயிண்ட் அடித்து ரிக்குகள் வரிசையாக நின்றன. அவர் மேடையின் மேல் வெறுங்காலோடு நின்றிருந்தார். கீழே அவருடைய ஆட்கள் நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும், "நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லோணுமுங்க" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்துத் தனக்குக் காது கேட்காது என்பதைச் சொன்னார். அவர்களில் வயதானவர், ராடு மாட்டுகிறவர், பீடியை அணைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அது எங்களுக்கு ரெண்டு வருசமாத் தெரியுமுங்கண்ணா. அதுக்குத்தான் ஒரு ஆளு எப்பவும் உங்க கண்ணுக்கு நேரா செவப்புத் துண்டோட நிக்கிறோம்."

சகலை ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் யோசித்தது என்னவென்று அடுத்த கேள்வியில் தெரிந்தது. "அப்ப துண்டோட நிக்கறவன் வேலைய ஆரு செஞ்சீங்க?" என்றார். இரண்டு வருடமாக ஓர் ஆள் குறைவாக, அந்தச் சுமையையும் தாங்களே தூக்கியிருக்கிறார்கள். காலால் பூமியைக் கேட்டவர், பக்கத்தில் நின்றவர்கள் தமக்காகப் பட்ட பாட்டைக் கேட்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து லீவரின் கைப்பிடியைத் துடைத்தார், அடியிலிருந்து நுனி வரைக்கும் நிதானமாக. துண்டை அந்த வயதானவர் கையில் கொடுத்தார். ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினார். "வா" என்று யாரும் அவரைக் கூப்பிடவில்லை, "போ" என்று யாரும் சொல்லவுமில்லை. நான் அந்த இடத்தில் எதற்கு நிற்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. என்னை வைத்துக்கொண்டு செய்தால்தான் இறங்க முடியும் என்று நினைத்திருக்கிறார். வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து பண்ணைக்கு வந்தார். வழியில் என் தோளைப் பிடித்திருந்த கை ஒருமுறைகூடத் தளரவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஹெல்மெட் இருந்தது நல்லதாயிற்று.

அதிலிருந்து அவர் அத்தையோடு பண்ணையில்தான் இருக்கிறார். சத்தத்தால் காது போனவரும் சத்தத்துக்குச் சாகிற குஞ்சும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்த்து நான் வியக்காத நாளில்லை. குஞ்சு ஷெட்டுக்குள் வெறுங்காலோடு போவார். கோழிகளின் தலையைப் பார்த்து மெயின் ரோட்டில் லாரி போகிறதா, வானத்தில் பருந்து சுற்றுகிறதா என்று சொல்வார். குஞ்சுகள் மூலைக்கு நகர ஆரம்பிக்கும் முன்பே போய் அந்த மூலையில் உட்கார்ந்துகொள்வார். "பெரிய மாப்ள வந்ததுக்கப்புறம் எனக்கு ஒரு குஞ்சு நசுங்கினதில்ல" என்பார் அத்தை, அவருக்கு எதிரில் நின்று, வாய் நன்றாகத் தெரியும்படி.

காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி நாங்கள் சலித்துப் போனோம். போன வருடம்தான் சம்மதித்தார். அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வலது காதில் மாட்டினார்கள். வெளியே வந்ததும் ஏற்காடு சாலையின் இரைச்சலில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து முறுக்கு கொடுத்தோம், தான் கடிக்கிற சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டு, பிறகு மூன்று முறுக்கு தின்றார். முதலில் என்ன கேட்க வேண்டும், யார் குரலைக் கேட்க ஆசை என்று என் மனைவி கேட்டாள். அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "சகலையோட வண்டிச் சத்தமுங்க" என்றார். "நிறுத்தினனே தவிர, அது என்ன சத்தமுன்னு எனக்குத் தெரியாது."

அடுத்த ஞாயிறு பண்ணைக்கு வெகு தூரத்தில், தண்ணீர் வற்றிய ஏரிக்குள் வண்டியைக் கொண்டுபோனோம். அவரே டேங்கைத் தூக்கி, கிளிப்பைத் தளர்த்தி, பட்டனை வெளியே எடுத்தார். எண்ணெயில் கறுத்திருந்தது. குழாயைப் பழையபடி மாட்டினார். கரையில் போய் நின்றுகொண்டு போகச் சொல்லிக் கையசைத்தார். நான் வேகமெடுத்துப் போய், அவருக்கு நேரே வரும்போது ஆக்ஸிலேட்டரை விட்டேன். பட், படபட, பட். அவர் இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். ஏழு முறை ஓட்டினேன். ஏழாவது முறை நான் திரும்பி வந்தபோது கரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தீவாளி மாதர இருக்குதுங்க சகல. இதயா நானு அடச்சு வெச்சேன்?" என்றார்.

பட்டனைத் திரும்பச் செருகக் குனிந்தேன், தடுத்துவிட்டார். "அத உட்டுருங்க. காத்து அது போற வழியில போகட்டும். நீங்க பாலத்துக்கு வாரப்ப ஆக்ஸிலேட்டர உட்டா வெடிக்கறது எனக்குக் கேக்கும். அங்கிருந்து வண்டிய அமத்தித் தள்ளிக்கலாம், நானும் வாரேன்." பட்டனை என் கையில் வைத்து மூடினார். தனக்கு இனி வேண்டாமாம்.

அது இதோ என் விடைத்தாள்களின் மேல் கிடக்கிறது. நாளை ஞாயிறு. பாலத்துக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை விடுவேன், டீக்கடைக்காரர் ஏதாவது சொல்வார். நான் ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் அவர் பண்ணை வாசலைத் தாண்டி, வெறுங்காலோடு சாலையில் வந்துகொண்டிருப்பார். "நல்லாருக்கீங்களா சகல?" என்று தூரத்திலிருந்தே கேட்பேன், அவர் அங்கிருந்தே பதில் சொல்வார். நான் வலப்பக்கம், மெஷின் இருக்கிற காதுப் பக்கம் நடப்பேன், அவர் இடப்பக்கம் பிடித்துத் தள்ளுவார். பெரிய ஷெட்டைக் கடந்து போகும்போது இருவரும் கூண்டுகளைப் பார்ப்போம். கோழிகள் தலை தூக்காமல் தின்றுகொண்டிருக்கும்.